சிவப்புச் சுழி போட்ட காலண்டர்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கண் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளிந்து நெளிந்து பெரிதாகி, நடுவில் எழுத்தே தெரியாமல் போய், அரை மணி நேரத்தில் அடங்கியது என்றாய். பிறகு இடப்பக்கம் மண்டை தெறித்ததாம். கண்ணாடி பவர் மாற்றப் போகிறேன் என்றாய். மாற்றிக்கொள். ஆனால் இது கண்ணாடியோடு போகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. மூளையின் பின்பக்கம் பார்வைக்கு உரிய இடத்தில் ஓர் அலை மெல்லப் பரவிப் போகுமாம், அப்போதுதான் இப்படி மின்னுமாம். மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியோடு வருகிற இதை 'ஆரா' என்கிறார்கள். பெரும்பாலும் 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மைக்ரேன் உள்ள எல்லோருக்கும் வருவதில்லை, உங்க அம்மாவுக்கு ஒருநாளும் வந்ததில்லை. உனக்கு இதுதான் முதல் தடவை என்பதால் நரம்பு டாக்டர் ஒருவர் பார்த்து, அதுதான் என்று உறுதி செய்யட்டும்.

இந்த வலி விஷயத்தில் உன்னிடம் எனக்கு ஒரு பழைய பாக்கி இருக்கிறது. நீ நாலாவது, ஐந்தாவது படிக்கும்போது காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாய். முகம் வெளுத்துப் போகும், வாந்தி எடுப்பாய். ஆயா விளக்கெண்ணெய் தடவிக் குடலேற்றம் எடுப்பாள், மிளகாய் சுற்றி அடுப்பில் போடுவாள். மத்தியானம் பார்த்தால் நீ தெருவில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாய். பள்ளிக்கூடத்துக்கு டபாய்க்கிறாள் என்று நான்தான் தீர்ப்பு எழுதினேன். ஒருமுறை முதுகில் ஒன்று வைத்தேன். பல வருஷம் கழித்து டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, சில பிள்ளைகளுக்கு மைக்ரேன் தலையில் வராமல் வயிற்றில் வருமாம். சில மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுச் சுத்தமாகப் போய்விடும், வளர்ந்த பிறகு அதே பிள்ளைக்குத் தலைவலியாக வரலாம். நீ பாண்டி ஆடியதைத்தானே நடிப்புக்குச் சாட்சியாக வைத்தேன்! அந்த நோயின் குணமே அதுதானாம். அன்றைக்கு அடித்தது தப்பு, பாப்பா.

உங்க அம்மாவிடமும் அப்படித்தான் இருந்தேன். அறையைச் சாத்திக்கொண்டு, ஈரத்துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்துக்கிடப்பாள். குக்கர் விசில் ஆகாது, தாளிக்கிற வாசனை ஆகாது, நெத்திலி வறுத்தால் ஓடிப்போய் வாந்தி எடுப்பாள். "தைலத்தைத் தேய்ச்சுட்டு எழுந்திரு" என்பேன். உங்க அத்தை வேலைக்குக் கள்ளம் என்றாள். ஒரு டாக்டர் சைனஸ் என்று ஆறு மாதம் மருந்து கொடுத்தார். மருந்து எடுக்காமல் விட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இழுக்கிற வலிக்கு நான் கொடுத்தது ஒரு தைல டப்பி.

கடைசியில் விடிகாலை பஸ் பிடித்து, புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். "எப்பவாச்சும்" என்றாள், நானும் தலையாட்டினேன். காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். கணக்கு எழுதிப் பிழைத்தவன் ஆயிற்றே, மாத்திரை போட்ட நாளெல்லாம் சிவப்புச் சுழி போட்டேன். மாதக் கடைசியில் எண்ணினால் 18 நாள்!

சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த கூட்டு மாத்திரையையும் மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அதை நிறுத்திய முதல் பத்து நாள் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வலி வராமல் தடுக்கத் தினமும் போடும் மருந்து வேறு. அம்மாவுக்கு வீசிங் இருந்ததால் அதில் புரோப்ரனலால் என்ற மருந்து வேண்டாம் என்று, அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைக் குறைந்த அளவில் ராத்திரிக்குக் கொடுத்தார். அது வேலை காட்டவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆனது.

எதனால் கிளம்புகிறது என்பதையும் அந்தக் காலண்டர்தான் காட்டிக்கொடுத்தது. கிருத்திகை விரதம், தூக்கம் கெட்ட ராத்திரிக்கு மறுநாள், மாதவிலக்குக்கு முந்தின இரண்டு நாள். 2011-ல் 'தானே' புயலுக்கு முதல் நாளே அவளுக்கு மண்டை இடித்ததால் வானிலை ஆபீசே நம் வீட்டில்தான் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். 2020-ல் 'நிவர்' புயல் வந்தபோது காலண்டரில் ஒரு சுழிகூட இல்லை.

உனக்கு ஷிப்ட் வேலை. லீவு நாளில் பதினொரு மணி வரை தூங்குகிறாய், அந்த மாற்றமே போதும், வலி கிளம்பிவிடும். சாக்லேட் தின்றதால் வந்தது என்றாய். முதல் நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை வந்தால், சாக்லேட்டைக் கேட்டதே வரப்போகிற வலியாகவும் இருக்கலாம்.

மாத்திரையை வலி உச்சிக்கு ஏறும்வரை தள்ளிப்போடாதே. அந்த நேரத்தில் இரைப்பையே மந்தமாகிவிடும், மருந்து சட்டென்று ஏறாது. மெடிக்கல் ஷாப் தம்பியிடம் கேட்டு வாங்காதே. வலியை வளர்க்கிற சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் வந்திருக்கின்றன, விலைதான் அதிகம். அதெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது உங்க அம்மா எழுதச் சொன்னது, நான் எழுத மட்டும் செய்கிறேன். சினைப்பை நீர்க்கட்டிக்கு என்று உனக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்களே, அதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதா என்று கேட்க வேண்டுமாம். கண்ணில் மின்னும் மைக்ரேன் உள்ளவர்களுக்கு அதனால் பக்கவாத ஆபத்து கூடும். லேடி டாக்டரிடம் இந்த மின்னலைப் பற்றி வாய் திறந்து சொல். இந்த வாரமே.

பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் வலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ மைக்ரேன் என்று படுத்துவிடாதே. நேரே ஆஸ்பத்திரி.

எதிர்வீட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் வருகிறான். முறுக்கும், சுருட்டிக் கட்டிய ஒரு மாதக் காலண்டரும் கொடுத்து அனுப்புகிறேன். சிவப்புப் பேனா உன்னிடம் இருக்கும்.

அன்புடன்,
அப்பா