அரை மணி நேரக் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஐஸ்லாந்துக்கு டிக்கெட் போட்டுவிட்டாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் போனில் நீ சொன்ன ஒன்று இரண்டு நாளாக உறுத்துகிறது. "எரிமலை என்ன பஸ்ஸாப்பா, திடீர்னு வந்து நிக்க? பூமிக்கடியில எல்லாமே லட்சம் வருஷக் கணக்குதானே" என்றாய். முப்பது வருஷம் கல்லைப் பார்த்தே காலம் தள்ளியவன் மகள் பேசுகிற பேச்சா இது?

பாதி சரிதான், ஒத்துக்கொள்கிறேன். நீ போகிற ரெய்க்யானஸ் தீபகற்பம் சுமார் 800 வருஷம் சும்மா கிடந்தது. 2021 மார்ச்சில்தான் மறுபடி லாவா கக்கியது. பூமிக்கடியில் இருக்கிறவரை அந்தப் பாறைக் குழம்புக்கு மேக்மா என்று பேர், வெளியே வந்தால்தான் லாவா. மேக்மா என்றதும் பாடப்புத்தகப் படத்தில் வருகிற சிவப்பு ஏரியை நினைக்காதே. பெரும்பாலும் அது ஈர மணல் மாதிரி. படிகங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும், இடுக்குகளில் கொஞ்சம் குழம்பு. அப்படியே ஆயிரக்கணக்கான வருஷம்கூடக் கிடக்கும்.

கிளம்பிவிட்டால் கதை வேறு. 2023 நவம்பர் 10 அன்று அதே தீபகற்பத்தில் இருக்கிற கிரிண்டாவிக் ஊருக்கடியில் சில மணி நேரத்துக்குள் சுமார் 15 கி.மீ. நீளத்துக்குப் பாறை பிளந்து, பிளவுக்குள் மேக்மா புகுந்தது. உச்சத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 7,400 கன மீட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் மூன்று சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு, ஒரே விநாடியில்! இத்தனைக்கும் அன்று ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. ஊரில் இருந்த சுமார் 3,800 பேரையும் அன்றிரவே வெளியேற்றினார்கள். வெடித்தது டிசம்பர் 18. அதற்கடுத்த வருஷம் பிப்ரவரி 8 அன்று விடிகாலை 5.30 மணிக்குச் சின்னச் சின்ன நில அதிர்வுகள் மொய்க்கத் தொடங்கின. 6 மணிக்கெல்லாம் தரை கிழிந்து நெருப்பு பீய்ச்சியடித்தது. அரை மணி நேரம்தான் கண்ணு.

மேக்மாவிலேயே பாகு மாதிரி ஒட்டுகிற ரயோலைட் வகையாவது மெதுவாக வரும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். சிலியில் சைட்டன் எரிமலை 2008 மே மாதம் வெடித்தபோது, அந்தக் குழம்பு 5 கி.மீ. ஆழத்திலிருந்து ஏறி வர ஏறக்குறைய 4 மணி நேரமே எடுத்திருக்கிறது. மேலே வர வர அழுத்தம் குறையும், கரைந்திருந்த நீர் ஆவியாகிக் குமிழ் விடும், குமிழ் சேரச் சேர இன்னும் வேகம் பிடிக்கும். குலுக்கிய சோடா பாட்டில்தான்.

இதையெல்லாம் யார் உள்ளே போய்ப் பார்த்தது என்று கேட்பாய். சின்ன வயதில் என் மைக்ராஸ்கோப்பில் 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த கல் சீவலைப் பார்த்து, வளையல் துண்டு என்று குதித்தாயே, அது ஆலிவின் படிகம். அடியிலிருந்து புது மேக்மா வந்து கலந்தால் படிகத்தின் ஓரத்தில் புது வளையம் வளரும். முதலில் அந்த எல்லை கத்தியால் வெட்டினதுபோல் இருக்கும். சூட்டில் இரும்பும் மெக்னீசியமும் இடம் மாற மாற, எல்லை மங்கிக்கொண்டே போகும். வெளியே வந்து ஆறியதும் மங்குவது நின்றுவிடும். கடிகாரம் நின்ற மாதிரி. எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்தால், கலந்ததற்கும் வெடித்ததற்கும் நடுவே எத்தனை காலம் என்று தெரியும். பல எரிமலைகளில் விடை சில மாதம், சில வாரம் என்றே வந்திருக்கிறது.

ஆறுவதில் மட்டும் லாவாவுக்கு அவசரமே கிடையாது. ஹவாயில் கிலாயுயா இக்கி பள்ளத்தில் 1959இல் தேங்கிய லாவா, உள்வரை இறுகி முடிவதற்குள் 1990கள் வந்துவிட்டன. அதனால், கறுப்பாகத் தோடு கட்டியிருக்கிறதே என்று புது லாவா மேல் ஏறி நின்று போட்டோ எடுக்காதே. போனில் சார்ஜ் இருக்கட்டும். எச்சரிக்கை வந்தால் பையைத் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பு.

பழைய பாறை ஏதாவது கைக்கெட்டினால் வெயிலில் கொஞ்சம் திருப்பிப் பார். கறுப்புக்குள் ஆலிவின் பச்சைப் புள்ளியாக மின்னினால், கிட்டத்தில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா