பக்கவாத வார்டுக்கு வரைபடம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவமனைக் கட்டடங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி நடக்கப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். புதுக் கட்டடம் என்றால் எங்களுக்கென்று ஒரு பயிற்சி அறை கேட்பது வழக்கம். இந்த முறை நான் கேட்பது வார்டைப் பற்றி. பயிற்சி அறையில் நோயாளி இருப்பது கொஞ்ச நேரம்தான்; மீதி நாள் முழுக்க வார்டில்தான் கிடக்கிறார்.

மெல்போர்னில் ஐந்து பக்கவாதப் பிரிவுகளில் நோயாளிகளின் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்று கவனித்து, ஜூலி பெர்ன்ஹார்ட் குழுவினர் 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாதி நேரத்துக்கு மேல் படுக்கையிலேயே ஓய்வு, 60 சதவீத நேரம் பக்கத்தில் யாருமே இல்லை. நம் ஊரில் தனிமை அவ்வளவு இல்லை. மனைவியோ மகளோ கூடவே இருக்கிறார்கள், புரட்டிப் படுக்க வைப்பதும் அவர்கள்தான். ஆனால் கட்டிலை ஒட்டி வீல்சேரை நிறுத்த இடமில்லை என்றால், அவர்களும்தான் என்ன செய்வார்கள்? இட்லி முதல் எல்லாமே கட்டிலுக்கே வந்துவிடுகிறது. வார்டின் ஓரத்தில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை இருந்தால், எழுந்து வர ஒரு காரணம் கிடைக்கும்.

தாழ்வாரக் கைப்பிடியைத் தயவுசெய்து இரண்டு பக்கமும் வையுங்கள். வலது கை விழுந்தவர் இடது கையால் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்விடுவார். திரும்பி நின்றதும் கைப்பிடி விழுந்த கையின் பக்கம் வந்துவிடும். பிடிக்க எதுவும் இல்லாமல் அங்கேயே நிற்பார்.

கழிப்பறையைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கட்டும் இரண்டு அங்குலத் திண்டு, பாதத்தைத் தூக்க முடியாதவருக்குப் பெரிய தடை. விரல் நுனி அதில் இடித்து முன்னால் சரிகிறார். திண்டு வேண்டாம், தரைச் சரிவை வடிகால் பக்கம் திருப்பினால் போதும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவில் சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. துணைக்கு வருபவரும் கூட நிற்கிற அளவுக்கு இடம் விடுங்கள்.

ஸ்கேன் அறை அவசர சிகிச்சைப் பிரிவை ஒட்டியே இருக்கட்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் பார்க்காமல் அதைப் போடவே முடியாது. கிராமத்திலிருந்து வந்து சேரவே பாதி நேரம் போய்விடுகிறது. லிஃப்டுக்குக் காத்திருந்து மீதியையும் இழக்கக் கூடாது.

அடுத்த எஸ்டிமேட்டுக்கு முன்னால் வார்டு நர்ஸையும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டுங்கள். பேப்பரில் இருக்கும்போது கதவைத் திருப்புவது ஒரு கோடுதான். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதற்கும் தனியாக நிதி கேட்டு எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்