கைபேசி மதிப்புரையில் பழுதுச் செலவும் இடம்பெற வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை விலையுள்ள கைபேசிகளைப் பற்றி வெளிவரும் மதிப்புரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். திருமங்கலத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மதிப்புரையாளர் ஒரு போனைச் சில வாரங்கள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வாங்கியவரோ அதை நான்கைந்து ஆண்டுகள் ஓட்டியாக வேண்டும். அந்த ஆண்டுகளைப் பற்றி மதிப்புரையில் ஒரு வரிகூட இல்லையே என்ற ஆதங்கத்தால் இதை எழுதுகிறேன்.

இந்த விலைப் பிரிவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. முன்பு விலை உயர்ந்த போன்களில் மட்டுமே இருந்த, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் அமோலெட் திரையும், விநாடிக்கு 120 முறை திரையைப் புதுப்பிக்கும் வசதியும் இப்போது இந்த விலைக்கே கிடைக்கின்றன; ஒரு நாள் தாராளமாகத் தாங்கும் 5,000 எம்ஏஎச் பேட்டரியும் உண்டு. சித்திரை வெயிலில் கடைவாசலில் நின்று க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யும்போதும் திரை தெளிவாகத் தெரிகிறது. வாட்ஸ்அப், யூடியூப், ஜிபே என்று பயன்படுத்துவோருக்கு இந்தப் பிரிவில் வரும் எந்தச் சிப்பும் போதுமானது. இருந்தும் தங்கள் மதிப்புரைகளில் பாதி இடம் சிப்பின் வேகத்துக்கே போய்விடுகிறது.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 மெகாபிக்சல் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வழக்கமாக எடுக்கும் படத்தில் நான்கு பிக்சல்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு 12.5 மெகாபிக்சல் படமே பதிவாகிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. குறைந்த வெளிச்சத்தில் அதுவே நல்லது. ஆனால் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வரவேற்கும் எதிர்சேவை இரவில் கூட்டத்துக்கு நடுவே கையைத் தூக்கிப் பிடித்து எடுக்கும் படம் தெளிவாக வருவது, கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஓஐஎஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பின்புறத்தில் உடன் வைக்கப்படும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா (மிக அருகிலிருந்து படம் எடுப்பதற்கானது) கணக்குக் காட்டுவதற்கே என்பது என் கருத்து.

இனி, மதிப்புரைகள் தொடாமல் விடுகிற டிஸ்பிளே செலவுக்கு வருகிறேன். என் மேசைக்கு வருபவற்றில் மிகுதியானவை கீழே விழுந்து டிஸ்பிளே போனவையே. இந்தத் திரைகளில் கண்ணாடி, டச், அமோலெட் பேனல் மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால், மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் 'காம்போ' என்று நாங்கள் சொல்லும் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்ற நேர்கிறது. ஒரிஜினல் காம்போவின் விலை சில மாடல்களில் போன் விலையில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. தொகையைக் கேட்டவுடன், "டூப்ளிகேட் இருந்தா போட்டுக் குடுங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த டூப்ளிகேட் பெரும்பாலும் டிஎஃப்டி எனப்படும் மலிவான எல்சிடி வகையைச் சேர்ந்தது. திரைக்குள் இருக்கும் கைரேகை சென்சார், அமோலெட் பேனலின் ஊடாக விரலைப் படம்பிடிக்கும் முறையில் இயங்குவது. டிஎஃப்டியில் திரைக்கு ஒளி தர பேனலுக்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் சென்சாரை மறைத்துவிடுவதால், காம்போ மாற்றிய நாளிலிருந்து கைரேகை வேலை செய்யாது. வெயிலில் திரை மங்கும். கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரியும். எந்தத் திரைக்காக அந்த போனை வாங்கினாரோ அது கையை விட்டுப் போய்விடுகிறது.

கைரேகை சென்சார் பக்கவாட்டுப் பட்டனில் இருக்கும் போன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஈரக் கையோடு வேலை செய்பவர்களுக்கும், வயல் வேலையில் விரல்ரேகை தேய்ந்தவர்களுக்கும் எந்த வகை ஒத்துவருகிறது என்று ஒரு மதிப்புரையாவது சோதித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ஓரம் வளைந்த டிஸ்பிளே பார்க்க அழகுதான். ஆனால் சாதாரண டெம்பர்டு கிளாஸ் அதில் சரியாக ஒட்டாது என்பதையும் சொல்லலாமே.

அடுத்தது பேட்டரி. 67 வாட், 80 வாட் என்று விரைவாகச் சார்ஜ் ஏறுவது உண்மையிலேயே பயனுள்ளது. ஆயினும் லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. பல போன்களின் கையேட்டில் 35 டிகிரி வரையிலான சூழலே ஏற்றதென்று குறிக்கப்பட்டிருக்கிறது. மதுரையிலோ கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் ஓடிக்கொண்டிருக்க, வெயிலிலேயே பவர்பேங்கில் சார்ஜ் போட்டுச் செல்லும் டெலிவரி இளைஞர்களின் போன்கள்தாம் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிய நிலையில் என்னிடம் வருகின்றன. ஏசி அறையில் எத்தனை நிமிடத்தில் சார்ஜ் நிறைந்தது என்ற கணக்கு இவர்களுக்கு உதவாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், 800 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பின்னும் பேட்டரி 80 விழுக்காடு கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்றும், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்றும் விதி நடைமுறையில் உள்ளது. நம் நாட்டில் பழுதுபார்ப்பு எளிமையைத் தரப்படுத்தும் குறியீடு குறித்து மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை அளித்தது. அந்தக் குறியீடு பெட்டியில் அச்சாகும் வரை பத்திரிகைகளே அந்த வேலையைச் செய்யலாம். பல நிறுவனங்கள் டிஸ்பிளே, பேட்டரி ஆகியவற்றின் விலையைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிடுகின்றன. எடுத்துப் போட ஒரு வரி போதும்.

மென்பொருள் அப்டேட் எத்தனை ஆண்டு என்பதும் அந்த வரியிலேயே அடங்கிவிடும். சாம்சங் 2025-இல் வெளியிட்ட கேலக்ஸி ஏ36, ஏ56 மாடல்களுக்கு 6 ஆண்டுகள் வாக்களித்திருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளும் மாடல்களும் கடையில் அதே கண்ணாடி அலமாரியில் பக்கத்திலேயே இருக்கின்றன. பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாதத் தவணையில் வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டை விற்பனையாளர் சொல்வதில்லை. கம்பெனி சர்வீஸ் சென்டர் மாவட்டத்தில் எந்த ஊரில் இருக்கிறது, அங்கே டிஸ்பிளே கையிருப்பில் உண்டா, சென்னையிலிருந்து வரக் காத்திருக்க வேண்டுமா என்பதையும் தங்கள் மதுரைப் பதிப்பிலாவது விசாரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்கும் கடைக்காரர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.