உயிர்த்தவரைத் தேடும் மகளுக்கு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

"உயிர்த்த இயேசு ஆவியா, உடம்பா, இல்ல சீடர்கள் மனசுல நெனச்சுக்கிட்டதாப்பா?" என்று போனில் கேட்டாய். இதற்கு ஒரு வரியில் பதில் சொன்னால் உனக்கு நிற்காது, தாயி. எப்படி வாசித்தால் விளங்கும் என்று எழுதுகிறேன்.

நற்செய்தியை முதலில் திறக்காதே. 1 கொரிந்தியர் 15:3 முதல் 8 வரை வாசி. இயேசு இறந்து சுமார் 25 ஆண்டுகளுக்குள் திருத்தூதர் பவுல் எழுதியது. உயிர்த்தவரைக் கண்டவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துச் சாட்சியங்களில் பழையது இதுதான். கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர்கள், யாக்கோபு என்று பெயர் வரிசை போகிறது. அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார். வேண்டுமானால் போய்க் கேள் என்கிற தைரியம் அதில் இருக்கிறது.

அடுத்து மாற்கு 16, எட்டாம் வசனம் வரை மட்டும். பழைய கையெழுத்துப் படிகளான சினாய்ப் படியிலும் வத்திக்கான் படியிலும் மாற்கு அங்கேயே முடிகிறது: கல்லறைக்குப் போன பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நடுக்கத்தோடு ஒரு நாள் இரு. பிறகு மத்தேயு 28, லூக்கா 24, யோவான் 20, 21.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். மாற்கில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இரண்டு பேர், யோவான் பெயர் சொல்வது மகதலா மரியாவை மட்டும். மாற்கில் ஓர் இளைஞர், யோவானில் இரண்டு வானதூதர். நான்கையும் அரைத்து ஒரே துவையலாக்கப் பார்க்காதே, நான்கின் ருசியும் போய்விடும். ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு, யார் வந்தார், என்ன கண்டார், எப்போது அடையாளம் தெரிந்தது என்று எழுது. வாரத்தின் முதல் நாள், திறந்த கல்லறை, மகதலா மரியா: இந்த மூன்றும் நான்கிலும் வரும். பெண்கள் சொன்னதைத் திருத்தூதர்களே வெறும் பிதற்றல் என்று தள்ளியதாக லூக்கா 24:11 சொல்கிறது. கதை கட்டுகிறவன் தன் முதல் சாட்சியை இப்படியா நிறுத்துவான்?

இனி உன் கேள்வி. யோவான் 11:44-ஐயும் 20:7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வை. இயேசு சாவிலிருந்து எழுப்பிய லாசர் கைகால் கட்டோடு, முகத்துத் துணியோடு வெளியே வருகிறார். பிறர் அவிழ்த்துவிட வேண்டியிருக்கிறது. இயேசுவின் துணிகளோ கல்லறையிலேயே கிடக்கின்றன, தலையில் சுற்றிய துண்டு தனியாகச் சுருட்டி வைத்திருக்கிறது. லாசர் பழைய வாழ்வுக்குத் திரும்பினார், மறுபடி இறந்தாக வேண்டும். இது அது அல்ல. இயேசு பூட்டிய கதவுக்கு உள்ளே வருகிறார், ஆனால் சுட்ட மீனை வாங்கித் தின்கிறார், காயத்தைக் காட்டுகிறார். பவுல் இதற்கு விதையைத்தான் உவமை சொல்கிறார். விதைக்கிற மணியும் வளர்ந்து நிற்கிற பயிரும் வேறா, ஒன்றா? கண்மாய்ப் பாசன நெல்லைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனி. பார்த்த உடனே பலருக்கு அவரைத் தெரியவில்லை. மரியா தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். "மரியா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிகிறது. இரு சீடர்கள் நடந்த எம்மாவு ஊருக்கு எருசலேமிலிருந்து பதினொரு கிலோமீட்டர், நம் ஊரிலிருந்து கானாடுகாத்தான் போவதைவிடச் சற்றுக் குறைவு. பேசிக்கொண்டே கூட நடந்தவரை, அப்பத்தைப் பிட்ட பிறகுதான் அந்த இருவருக்கும் தெரிகிறது. வழியில் மறைநூல் விளக்கம், பிறகு அப்பம்: பூசையின் ஒழுங்கும் அதுவே. ஆகையால் நோட்டும் பென்சிலும் மட்டும் போதாது. ஞாயிறு பூசையை விட்டுவிட்டு இதைப் படித்தால் பாதி வழியில் நின்றவள் ஆவாய்.

யோவான் 21-ஐ அவசரப்பட்டு முடிக்காதே. கரை ஏறியவர்கள் காண்பது கரி நெருப்பு, மேலே மீன். மூல கிரேக்கத்தில் கரி நெருப்பைக் குறிக்கும் அந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. மற்றது 18:18, தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்த நெருப்பு. அங்கே இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுத்தவரிடம் இங்கே இயேசு மூன்று முறை, "என்மீது உனக்கு அன்பு உண்டா?" என்று கேட்கிறார். திட்டவில்லை, பழையதைக் கிளறவில்லை. முதலில் சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்.

சந்தேகம் வந்தால் பயப்படாதே. சீடர் தோமா எட்டு நாள் சந்தேகத்தோடு இருந்தார். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை, எட்டாம் நாளும் மற்றவர்களோடுதான் இருந்தார். நீயும் இப்போது இருக்கிற ஊர்ப் பங்கில் தமிழ்ப் பூசை இருக்கிறதா என்று விசாரி.

உயிர்ப்பு ஞாயிறிலிருந்து பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள். தினம் ஐந்தாறு வசனம் போதும். லூக்கா 24 முடிந்ததும் போன் பண்ணு. எந்த வசனத்தில் உன் பென்சில் நின்றது என்று மட்டும் சொல், மீதியைப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா