பை அச்சடிக்கிறதுக்கு முன்னால்

பாப்பாரப்பட்டி
பங்குனி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். வாசலில் நாலு பேர் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷம் காய் நல்ல சதைப்பற்று.

நேற்று போனில், நீ ஆரம்பிக்கப்போகிற மாவு, ஊறுகாய் வியாபாரத்துக்கு வைக்க மூணு பெயர் சொன்னாய். 'தர்மபுரி ராகி', 'தகடூர் ஃபுட்ஸ்', 'ஊசிக்கல்'. பத்தாயிரம் பை அச்சடிக்க ஓசூரில் விலை கேட்டாச்சு என்றும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை கண்ணு. போனில் ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பை அச்சடிப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடு.

பரண்மேல் ஒரு தகடு கிடக்கிறதே, சின்னப்பிள்ளையில் அதை எடுத்துச் சுவரெல்லாம் கிளி அடித்து அம்மாவிடம் அடி வாங்கினாயே, அதை 1996 மாசியில் சேலத்தில் வெட்டி வாங்கி வந்தேன். புளிச் சாக்கின்மேல் தகட்டை அழுத்திப் பிடித்து, நீல மையைத் துணியில் தொட்டு ஒற்றினால் ரெட்டைக் கிளியும் அடியில் பேரும் விழும். மை கூடிப் போனால் கிளியின் மூக்கு கரைந்துவிடும். மூக்கு கரைந்த சாக்கை நான் அனுப்பவே மாட்டேன். செவ்வாய்ப்பேட்டை மண்டியில் என் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே எடுத்தார்கள். கொட்டை கிடக்காது, ஈரம் இருக்காது என்று அந்தக் கிளிமேல் அவ்வளவு நம்பிக்கை.

2009-ல் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வேறு ஊர்க் கம்பெனி ஒன்று, என் சாக்கில் இருந்த அதே பேரைப் பதிவு பண்ணி வைத்திருந்தது. உனக்கு அப்போது பரீட்சை, அதனால் சொல்லவில்லை. தர்மபுரியில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். "அவங்க அந்தப் பேரைப் பதிவு பண்றதுக்கும், அதுல விக்க ஆரம்பிச்சதுக்கும் முன்னாலிருந்தே நீங்க தொடர்ந்து வித்துட்டு வந்திருந்தா, அவங்க உங்களைத் தடுக்க முடியாது. பழைய பில்லு இருக்குதா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 2003-ல் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பில் புக்கெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டேன். கிடைத்தது நாற்பத்திரண்டு ரூபாய். மண்டியிலும் யாரிடமும் அந்த வருஷத்துக் கணக்கு இல்லை. இனி அந்தப் பேரைப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். புதுப் பேரில் மூட்டை போனபோது, பதிமூணு வருஷம் பழகின மண்டியிலேயே கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அந்த வலி உனக்கு வரக்கூடாது.

இப்போது உன் பேருக்கு வருகிறேன். 'தர்மபுரி ராகி' வேண்டாம். நல்ல பேர்தான், கேட்டவுடனே சரக்கும் ஊரும் தெரியும், ஆனால் குறையே அதுதான். ராகி விற்கிறவர் எல்லாரும் ராகி என்றுதான் சொல்லியாக வேண்டும், இந்த ஊர்க்காரர் எல்லாரும் தர்மபுரி என்றுதான் எழுதுவார்கள். பொதுச் சொல்லை ஒருத்தருக்கே எழுதிக் கொடுக்க 1999 வணிகக் குறிச் சட்டம், அதாவது டிரேட்மார்க் சட்டம், இலேசில் விடாது. 'தகடூர்' அதியமான் ஆண்ட ஊர், எனக்கும் பெருமைதான். ஆனால் அதுவும் இதே தர்மபுரியின் பழைய பேர். பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் எத்தனை போர்டில் தகடூரும் அதியமானும் இருக்கிறது என்று எண்ணிப் பார்.

'ஊசிக்கல்' எனக்குப் பிடித்திருக்கிறது. நம் காட்டுக்குக் கிழக்கே நிற்கிற கல்லுக்கும் மாவுக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லாத பேர்தான் சட்டத்தில் கெட்டியாக நிற்கும். கடைக்காரர் ஒரு தரம் கேட்டால் திருப்பிச் சொல்லவும் வரும். இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்பதை மட்டும் இப்போதே ஒரே எழுத்துக்கூட்டாக முடிவு பண்ணிக்கொள்.

முதலில் அரசாங்கத்தின் டிரேட்மார்க் தளத்தில் தேடு, அதற்குக் காசு கிடையாது. அதே எழுத்தை மட்டும் போட்டுப் பார்க்காதே. ஒலி ஒத்துப்போகிற பேரைத் தேட அதில் தனி வழி இருக்கிறது, அதிலும் பார். 'ஊசிமலை' மாதிரி ஒன்று ஏற்கெனவே இருந்தால்கூட ஆட்சேபம் வரலாம். சரக்கையும் சேவையையும் சேர்த்து 45 வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மாவு 30-ல் வரும், ஊறுகாய் 29-ல் வரும். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டால் தனி ஆளுக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500, மற்றவர்களுக்கு ரூ. 9,000. கம்பெனி பேரில் போடுவதானால் முதலில் சிறு தொழிலுக்கான அரசாங்கப் பதிவான உத்யமை முடித்துவிடு, அது இலவசம். லோகோவுக்கு முன்னால் வெறும் எழுத்தாகப் பேரைப் பதிவு பண்ணு. படத்தை நாளைக்கு மாற்றினாலும் பேர் உன்னுடையதாகவே இருக்கும். இன்னும் ஒரு கிலோகூட விற்கவில்லையே என்று யோசிக்காதே, இனிமேல்தான் பயன்படுத்தப்போகிறேன் என்று சொல்லியே விண்ணப்பிக்கலாம்.

டிரேட்மார்க் ஆபீஸில் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால், பேர் அவர்கள் வெளியிடுகிற டிரேட்மார்க் ஜர்னலில் வரும். அன்றிலிருந்து நாலு மாசம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லாவிட்டால் பதிவாகும். விண்ணப்பித்த தேதியிலிருந்து பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். பதிவாகிற வரைக்கும் பேருக்குப் பக்கத்தில் டிஎம் போட்டுக்கொள்ளலாம். பதிவானது என்று காட்டுகிற, வட்டத்துக்குள் ஆர் எழுத்தை மட்டும் போட்டுவிடாதே, பதிவுக்கு முன்னால் போடுவது குற்றம்.

மாப்பிள்ளை, கம்பெனி பதிவு பண்ணினாலே பேர் நமக்குத்தான் என்று சொன்னாராம். அப்படி இல்லை என்று அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல். ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் வேண்டியதுதான், உணவுப் பாதுகாப்பு எண்ணின் 14 இலக்கம் இல்லாமல் பையே அச்சடிக்க முடியாது. ஆனால் எதுவும் பேருக்குப் பட்டா ஆகாது. வெப்சைட் பேரை மட்டும் இன்றைக்கு ராத்திரியே வாங்கிப் போட்டுவிடு.

செலவுக்கு யோசிக்காதே. இரண்டு வகுப்புக்கும் பணம் நான் தருகிறேன், இந்தப் புளிக்காசு வந்ததும் அனுப்புகிறேன்.

இன்னொன்று. முதல் பில் போடுகிற அன்றைக்கு, தேதியும் பேரும் தெரிகிற மாதிரி அதை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பிரிண்ட் போட்டு, காட்டுப் பத்திரத்தோடு பீரோவில் வைக்கிறேன். பை அச்சடித்தவன் கொடுக்கிற பில், முதல் விளம்பர நோட்டீஸ், எல்லாவற்றிலும் ஒரு நகல் இங்கே வரட்டும். இந்த வீட்டில் இனி எந்தக் காகிதமும் எடைக்குப் போகாது.

அன்புடன்,
அப்பா