சிவப்பு வயர் தப்பான ஓட்டையில இருக்குதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுக்கு ஒரு மல்டிமீட்டர், அதாவது ஓல்ட்டேஜ், ஆம்ப்ஸ் எல்லாம் அளந்து காட்டற கருவி, வாங்கி வைங்கன்னு அரைப்பக்கத்துக்குக் கட்டுரை போட்டிருந்தீங்க. நல்ல விஷயந்தான், வேணாம்னு சொல்ல வரல. ஆனா கூடப் போட்டிருந்த படத்தப் பாத்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. மஞ்சக்கலர் மீட்டரு, குமிழ் ஏசி 750 ஓல்ட்டுல இருக்குது, ஒருத்தர் ப்ளக் பாயிண்டுக்குள்ள ரெண்டு ப்ரோபையும், அதாவது வயரு நுனியில இருக்கற ஊசிமுனைக் குச்சிய, விட்டுப் புடிச்சிருக்காரு, சிவப்பு வயரு மட்டும் எல்லாத்துக்கும் மேல இருக்கற 10 ஆம்ப்ஸ் ஓட்டையில சொருகியிருக்குது. கரண்ட் இல்லாத பாயிண்டாத்தான் இருக்கணும், இருந்திருந்தா அந்தப் படமே வந்திருக்காது. ஆனா அதப் பாத்துட்டு வீட்டுல அதே மாதிரி பண்றவங்க ப்ளக்ல கரண்ட் இருக்குமேங்க.

நான் உடுமலைப் பக்கம் 26 வருஷமா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வச்சிருக்கறேன். அந்த ஓட்டை என்ன பண்ணும்னு கண்ணால பாத்தவன்ங்கறதால எழுதறேன்.

ஓல்ட்டேஜ் பாக்கறப்ப மீட்டருக்குள்ள கரண்டே போகாத மாதிரித்தான் அமைச்சிருப்பாங்க, நல்ல மீட்டர்ல 1 கோடி ஓம் ரெசிஸ்டன்ஸ் குறுக்க நிக்கும், அதனால 230 ஓல்ட்ட வச்சாலும் 415 ஓல்ட்ட வச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆம்ப்ஸ் ஓட்டை அப்படி இல்லீங்க. லைன அறுத்து நடுவுல மீட்டர வச்சு ஓடற கரண்ட் மொத்தத்தையும் மீட்டர் வழியா விட்டாத்தான் ஆம்ப்ஸ் தெரியும், அதுக்கோசரம் அந்த ஓட்டைக்கும் கருப்பு வயர் ஓட்டைக்கும் நடுவுல ஒரு தடிச்ச கம்பித்துண்டு மட்டுந்தான் உள்ள வச்சிருப்பாங்க, அதோட ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு அளவுதான். அத ப்ளக்ல விட்டா பேஸையும் நியூட்ரலையும் வெறும் கம்பியால சேத்துப் புடிச்ச கணக்குத்தான். குமிழ எங்க திருப்பி வச்சிருந்தாலும் அந்தக் கம்பி அங்கயேதான் இருக்கும், குமிழ் ஓல்ட்டுல இருக்குதேன்னு நெனச்சுக் காப்பாத்திக்க முடியாது. இருநூறு முந்நூறு ரூவாய்க்கு வர்ற மஞ்ச மீட்டர்ல அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே பொடி எழுத்துல அன்ஃப்யூஸ்டுன்னு போட்டிருக்கும், அதாவது அந்த வழியில ஃபியூஸே இல்ல. எத்தன பேரு அதப் படிச்சிருப்பாங்க, படிச்சாலும் எத்தன பேருக்குப் புரிஞ்சிருக்கும் சொல்லுங்க.

என்கிட்ட வேலை கத்துக்க வந்த தம்பி ஒருத்தன், ஐடிஐ முடிச்ச பையன், கெட்டிக்காரன். ஒருநா சாயங்காலம் பைக் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுதான்னு பாக்க 10 ஆம்ப்ஸ் ஓட்டையில வயர மாத்திச் சொருகி ஆம்ப்ஸ் பாத்திருக்கான், பாத்துட்டு அப்படியே பையில போட்டுட்டான். அடுத்தநா வெடியக்காலம் ஒரு தோட்டத்துல போர் மோட்டார் ஓடலன்னு கூப்பிட்டாங்க, த்ரீ பேஸ் ஒழுங்கா வருதான்னு பாக்க ஸ்டார்ட்டர் பொட்டியத் தொறந்து குமிழ 750-ல வச்சு மூணு பேஸ்ல ரெண்டான ஆர்-லயும் ஒய்-லயும் ப்ரோப வச்சான். நான் ரெண்டடி பின்னால நிக்கறேன். பட்டாசு மாதிரி இல்லீங்க, வெல்டிங் பத்தவைக்கறப்ப வர்ற வெளிச்சம் இருக்குதுல்ல, அது பத்து மடங்கா வந்தா எப்படி இருக்கும், அப்படி ஒரு வெளிச்சம், கூடவே ஒரு சத்தம். ப்ரோப் முனை ரெண்டும் ஆவியாப் போச்சு, ஸ்டார்ட்டர் உள்பக்கம் பூராவும் செம்பு பூசின மாதிரி ஆயிருச்சு, பையனுக்கு வலது கை மணிக்கட்டு வரைக்கும் வெந்துபோச்சு, புருவம் கருகிருச்சு. பவர் கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. ட்ரான்ஸ்பார்மர் பக்கத்து காட்டுலயே இருந்துச்சு, அவ்வளவு கிட்டக்க ஷார்ட் ஆனா ஒரு நொடிக்குள்ள ஆயிரம் ஆம்ப்ஸுக்கு மேலகூட ஓடும், தோட்டத்துக்காரங்க ஃபியூஸ் கேரியர்ல ஃபியூஸ் வயருக்குப் பதிலா மூணு நாலு இழை செம்புக்கம்பிய முறுக்கிப் போட்டிருந்தாங்க, அது எப்ப உருகி எப்ப கட் ஆகறது.

அன்னிலருந்து என் பட்டறையில இருக்கற எல்லா சின்ன மீட்டர்லயும் 10 ஆம்ப்ஸ் ஓட்டைய எம்-சீல் வச்சு அடைச்சுட்டேன். ஆம்ப்ஸ் பாக்கணும்னா க்ளாம்ப் மீட்டர் இருக்குதுங்க, வயர அறுக்க வேண்டாம் தொட வேண்டாம், வயரச் சுத்திக் கவ்வவச்சாப் போதும். வீட்டுக்கு மீட்டர் வாங்கறவங்களுக்கு அந்த ஓட்டையால ஒரு பிரயோசனமும் இல்ல, வாங்கின அன்னிக்கே டேப் ஒட்டி அடைச்சுடுங்க. உங்க கட்டுரையில இது ஒரு வரி வந்திருக்கணும்னு எனக்கு ஆத்தாமையா இருக்குது.

இன்னொண்ணு, இதுதான் வெடிக்கறதவிட மோசம்னு நான் நெனக்கறேன். கட்டுரையில "மீட்டர் ஜீரோ காட்டினா கரண்ட் இல்லைன்னு தைரியமா வேலை பாக்கலாம்"னு இருந்துச்சு. ஐயா, பாக்கக்கூடாதுங்க. மீட்டர் ஜீரோ காட்டறதுக்கு லைன்ல கரண்ட் இல்லாம இருக்கறது ஒரு காரணம்தான், இன்னும் அஞ்சாறு காரணம் இருக்குது. குமிழ் டிசி-ல இருந்தா 230 ஏசி-ல வச்சாலும் ஜீரோவ ஒட்டித்தான் காட்டும், ஏசி-க்கு அலை மாதிரி ஒரு கோடு, டிசி-க்கு நேர்கோடும் அதுக்குக் கீழ புள்ளியும், அவசரத்துல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். வயரு உள்ளுக்குள்ள அறுந்திருந்தா ஜீரோ. ப்ளக்குக்குள்ள முனை சரியாப் படலைன்னா ஜீரோ. பேட்டரி இறங்கிப் போச்சுன்னா என்ன காட்டும்னே சொல்ல முடியாது. அப்புறம் மஞ்ச மீட்டர்ல ஏசி-க்கு 200, 750 ரெண்டு ரேஞ்சுதான், 200-ல வச்சுட்டு வீட்டு லைனப் பாத்தா இடது ஓரத்துல வெறும் 1 மட்டும் வரும், ரேஞ்சு பத்தலைன்னு அர்த்தம், ஆனா ஒரு ஓல்ட்டுதான் இருக்குதுன்னு நெனச்சு வயரத் தொட்டவங்கள எனக்குத் தெரியும்.

எனக்கே நடந்துச்சு. ஒரு ரைஸ் மில்லுல பேனல் வேலை, மெயின ஆஃப் பண்ணிட்டதாச் சொன்னாங்க, நான் மீட்டர வச்சேன், மூணு ஜோடிலயும் ஜீரோ. பஸ்பார், அதாவது பேனலுக்குள்ள கரண்ட் ஓடற பட்டைக்கம்பி, அதோட நட்டுக்கு ஸ்பேனர எடுத்துட்டேன். மில்லுல இருந்த பெரியவரு, பழைய ஃபோர்மேன், "இருப்பா"ன்னுட்டு அவரோட டெஸ்ட் லேம்ப எடுத்தாந்து வச்சாரு, ரெண்டு குண்டு பல்ப ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா சீரீஸ்ல போட்ட லேம்ப்பு, ரெண்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது. மெயின்னு நெனச்சு வேற ஸ்விட்ச ஆஃப் பண்ணியிருக்காங்க. என் மீட்டர் ஏன் ஜீரோ காட்டுச்சுன்னா, கையில புடிக்கறப்ப கட்டைவிரல் ஹோல்டு பட்டன அமுக்கிருச்சு, வைக்கறதுக்கு முன்னாடி இருந்த ஜீரோ அப்படியே நின்னுருச்சு. அந்தப் பெரியவர் இல்லைன்னா இந்தக் கடுதாசி எழுத நான் இல்ல.

அதனால நாங்க இப்ப பண்றது என்னன்னா, மொதல்ல கரண்ட் இருக்குதுன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு பாயிண்டுல மீட்டர வச்சுப் பாக்கறது, 230 காட்டுதா, சரி, அப்புறம் வேலை பாக்க வேண்டிய லைன்ல வைக்கறது, ஜீரோ வந்தாலும் உடனே நம்பாம திரும்பி வந்து அந்த மொத பாயிண்டுலயே இன்னொருக்கா வச்சு மறுபடி 230 வருதான்னு பாக்கறது. நடுவுல மீட்டரோ வயரோ செத்திருந்தா மூணாவது தடவ காட்டிக் குடுத்துரும். இருபது செகண்டு வேலைங்க. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் மட்டும் பாத்தாப் பத்தாது, எர்த்துக்கும் பாக்கணும், ஏன்னா நியூட்ரல் எங்கயாவது அறுந்திருந்தா பேஸ் உயிரோட இருக்கறப்பவே ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் காட்டாது.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். ஸ்விட்ச் ஆஃப்ல இருக்குது, ஆனா வயர்ல 50, 70 ஓல்ட்டுன்னு காட்டும். பக்கத்துல ஓடற பேஸ் வயரோட தாக்கம், நெசமான சப்ளை கிடையாது, டிஜிட்டல் மீட்டர் அவ்வளவு கொஞ்சமாத்தான் கரண்ட் எடுக்கும்ங்கறதால அதையும் காட்டிரும், பல்ப வச்சா எரியாது. இதையே பாத்துப் பாத்துப் பழகினவங்க "அது சும்மா காட்டும்"னு சொல்லிச் சொல்லி ஒருநா சும்மா காட்டாததையும் தொட்டுடறாங்க. சந்தேகம் வந்தா தொடாதீங்க, அவ்வளவுதான்.

மீட்டர் வாங்கறதப் பத்தியும் ஒரு வார்த்தை. மீட்டர் மேல கேட்-2, கேட்-3ன்னு (CAT, எந்த எடத்துல வைக்கலாம்ங்கற ரகம்) ரோமன் எழுத்துல போட்டிருக்கும். ப்ளக்ல சொருகற சாமான் பாக்க கேட்-2, டிபி பொட்டி (வீட்டு லைன் பிரியற பொட்டி), ஸ்டார்ட்டர், பேனல் எல்லாம் கேட்-3, வெளியில ஈபி மீட்டரும் அதுக்கு முன்னாடி வர்ற லைனும் கேட்-4. லைன்ல எப்பவும் 230-தான் இருக்கும்னு நெனக்காதீங்க, பெரிய மோட்டார் ஆஃப் ஆனாலோ தூரத்துல இடி எறங்கினாலோ கண் சிமிட்டற நேரத்துக்கு ஆயிரக்கணக்குல ஓல்ட்டு பாயும், கேட்-3 600 ஓல்ட்டுன்னா 6000 ஓல்ட்டு அடிய விட்டு டெஸ்ட் பண்ணியிருக்கணும். ஆனா பிளாஸ்டிக் மேல கேட்-3ன்னு அச்சடிக்கறதுக்கு யாரும் காசு கேக்கறதில்லையே. பின்னால மூடியத் தொறந்து பாருங்க, உள்ள இத்துனூண்டு கண்ணாடி ஃபியூஸ், 250 ஓல்ட்டுன்னு போட்டிருந்தா, மேல 1000 ஓல்ட்டுன்னு என்ன எழுதியிருந்தாலும் ஸ்டார்ட்டர் பொட்டிக்கு அது ஆகாது. நல்லதுல மணல் ரொப்பின பீங்கான் ஃபியூஸ் இருக்கும், வெலையும் அதுக்குத் தக்கன இருக்கும். நாசிக்லயே நல்ல மீட்டர் தயாராகுதுங்க, வெளிநாட்டுச் சாமானுக்குத்தான் போகணும்னு இல்ல. அந்த ஃபியூஸ் போச்சுன்னா அதே ஃபியூஸ் வாங்கிப் போடுங்க, சிகரெட் பாக்கெட்டுல வர்ற வெள்ளிப் பேப்பர் சுத்திப் போட்ட மீட்டரெல்லாம் என் பட்டறைக்கு வந்திருக்குது. ப்ரோப் வயர்ல வெடிப்பு இருந்தா டேப் சுத்தாம தூக்கிப் போடுங்க, விரல் வழுக்காம இருக்கறதுக்கு ஒரு வளையம் வச்சிருப்பாங்க, விரல் அதுக்குப் பின்னாலதான் இருக்கணும்.

கருப்ப மொதல்ல வைக்கணும் சிவப்ப அப்புறம், எடுக்கறப்ப சிவப்பு மொதல்ல. கருப்புக்கு ஒரு முதலை க்ளிப் மாட்டிக்கிட்டா ஒரு கையில வேலைய முடிச்சுரலாம், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால இருக்கட்டும், ரெண்டு கையும் பொட்டிக்குள்ள இருந்தா ஷாக் நெஞ்சு வழியாத்தான் போகும். செம்புக் காப்பு, மோதிரம் கழட்டி வைங்க. ஓம், பீப் சத்தம் வர்ற ரேஞ்சு ரெண்டும் கரண்ட் இருக்கற எதுலயும் வைக்காதீங்க.

இப்ப எங்க பக்கம் சோலார் பம்ப்செட் நெறைய வந்திருச்சு, அதுக்குத் தனியா ஒரு பயம் எனக்கு. பத்துப் பதினஞ்சு பேனல வரிசையா சேத்தா 500, 600 ஓல்ட்டு டிசி வந்துரும், வெயில் இருக்கற வரைக்கும் அத ஆஃப் பண்ண முடியாது, ஐசொலேட்டர்ங்கற துண்டிக்கற ஸ்விட்சத் திருப்பினாலும் பேனல் பக்கத்து வயர்ல இருந்துட்டேதான் இருக்கும். ஏசி-ன்னா ஒரு செகண்டுல 100 தடவ ஜீரோவுக்கு வந்துட்டுப் போகும், தீப்பொறி அணைய அதுல ஒரு வாய்ப்பு இருக்குது. டிசி-க்கு அது இல்ல, பொறி புடிச்சா இழுத்துட்டே எரியும். மஞ்ச மீட்டர்ல டிசி 1000-ன்னு போட்டிருக்குதேன்னு தோட்டத்துக்காரங்களே தொறந்து பாக்கறாங்க. தயவுசெஞ்சு வேண்டாமுங்க, கம்பெனி ஆளக் கூப்பிடுங்க. மைக்ரோவேவ் ஓவனும் அப்படித்தான், ப்ளக்க உருவினதுக்கு அப்புறமும் உள்ள இருக்கற கெப்பாசிட்டர்ல உயிர எடுக்கற அளவு ஓல்ட்டேஜ் நிக்கும், கையில புடிக்கற மீட்டர வச்சு அதப் பாக்கற வேலையே கூடாது.

நான் கேக்கறது ஒண்ணுதாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல அதே அளவுல படத்தத் திருத்திப் போடுங்க, மூலையில பொடி எழுத்துல திருத்தம்னு போட்டா அந்தப் படத்தக் கத்தரிச்சு வச்சிருக்கறவங்க கண்ணுக்குப் படாது. சிவப்பு வயரு நடு ஓட்டையில, ஓல்ட்டு, ஓம், மில்லி ஆம்ப்ஸ் மூணும் சேந்து போட்டிருக்கற ஓட்டையில இருக்கணும். படம் எடுக்க எடம் வேணும்னா பட்டறைக்கு ஆள அனுப்புங்க. அந்தத் தம்பி இப்பவும் என்கிட்டதான் இருக்கான், வலது கை விரல் ரெண்டு இன்னும் முழுசா மடங்காது, எந்த ஓட்டையில சொருகணும்னு அவனே புடிச்சுக் காட்டறேன்னு சொல்றான்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை