சிறுவர் அறிவியல் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் இயங்கும் நம் சங்கத்தின் சிறுவர் அறிவியல் வட்டம், காட்டுயிர்களின் காணொளிகளையும் ஒளிப்படங்களையும் கொண்டு, கூர்ந்து நோக்கவும் கேள்வி கேட்கவும் பிள்ளைகளைப் பழக்கும் பணியை இவ்வாண்டு மேற்கொண்டது.

ரசல் மார்க்கெட்டின் மேல் வட்டமிடும் கரும்பருந்துகளை உறுப்பினர் ஒருவர் கைபேசியில் எடுத்த காணொளியில் தொடங்கினோம். தொலைக்காட்சிப் படங்களில் வெவ்வேறு நாட்களில் எடுத்த காட்சிகள் ஒரே நிகழ்ச்சிபோல் கோக்கப்படுவதுண்டு. பின்னணிக் குரலும் பிள்ளை பார்ப்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது. ஆகவே அவற்றைத் தவிர்த்தோம். வெட்டப்படாத காணொளியை ஒலியின்றி ஓடவிட்டு, கண்டதை ஒரு பக்கத்திலும் ஊகித்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதச் சொன்னோம். "பருந்துக்குக் கோபம்" என்பது முதலில் கண்டவற்றின் பக்கத்திலேயே இருந்தது. மெதுவாக ஓட்டிக் காட்டிய பிறகு, பருந்து இரையைக் காலால் பற்றியதையும், பறந்தபடியே அதை அலகருகே கொண்டுவந்து தின்றதையும், திரும்பும்போது பிளவுபட்ட வாலை முறுக்கியதையும் பிள்ளைகளே கண்டெழுதினர். "ஏன் வாலை முறுக்குகிறது?" என்ற கேள்வி, "காற்று பலமாக வீசும்போது அதிகம் முறுக்குகிறதா?" என்று மாறியதையே இவ்வாண்டின் பெரும்பயனாகக் கருதுகிறேன், ஏனெனில் பின்னதற்கு எண்ணிப் பார்த்து விடை காணலாம்.

அடுத்து, தானியங்கிக் கேமராவில் பதிந்த புலிப் படங்களை ஒப்பிட்டோம். கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் 1990களில் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த், இத்தகைய படங்களில் தெரியும் வரிகளைக் கொண்டு புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிட்டார். ஒரு புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றல்ல என்பதால் பாதையின் இருபுறமும் கேமரா வைக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் நெடுநேர வாதத்துக்குப் பின் தாங்களே கண்டடைந்தனர். 2018ஆம் ஆண்டின் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து எடுத்த ஏறத்தாழ 3.48 கோடி படங்களில் புலி இருந்தவை 76,651 மட்டுமே என்று அறிந்ததும், "படத்தில் சிக்காத புலியை எப்படி எண்ணுவது?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஏற்கெனவே பதிவான புலிகளே திரும்பத் திரும்பச் சிக்கினால், சிக்காதவை குறைவு என்ற கணக்கை அடுத்த கூட்டம் முழுவதும் விளக்கினோம்.

லால்பாக் நடைப்பயணமும் நடந்தது. வரவுசெலவைப் பொருளாளர் தாக்கல் செய்வார்.

பிள்ளைகள் இப்போது தாங்களே படமெடுக்க முற்படுகிறார்கள். ஆட்கள் நெருங்கினால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு விலகும், முட்டையும் குஞ்சும் காப்பின்றிப் போகும். எனவே கூடுகளை நெருங்கிப் படமெடுப்பதில்லை என்பதை வட்டத்தின் விதியாக ஏற்றுக்கொள்ளுமாறு இப்பேரவையை வேண்டுகிறேன்.